துருவும் காலமும்

"காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் ஆறுதல் மொழி. பாகப்பிரிவினையில் மனம் கசந்து அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே பங்கைச் சேர்ந்த இரு குடும்பங்கள் ஒரே பலிபீடத்திலிருந்து நற்கருணை பெற்றுக்கொண்டு, கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகின்றன. இத்தகைய வேளைகளில் சமாதானம் பேச வந்த பெரியவர்கள் கடைசியில் இம்மொழியைச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். நாமும் அப்படியே சொல்லியிருக்கிறோம். பிறர் சொல்லக் கேட்டு நிம்மதியும் அடைந்திருக்கிறோம்.

ஆனால் இம்மொழி உண்மைதானா? காலத்திற்குத் தானாகவே ஆற்றும் வல்லமை உண்டா? இக்கேள்விக்கு விடை தேடி நாம் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. சீர்காழியில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் வாசலில் அரை நாள் நின்று பார்த்தால் போதும்.

முறுக்காமலே இறுகுவது

சீர்காழிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் கடல், வடக்கே கொள்ளிடம், சுற்றிலும் ஆண்டில் பல மாதங்கள் நீர் தேங்கி நிற்கும் நெல்வயல்கள். திருமுல்லைவாசலிலிருந்தும் பழையாற்றிலிருந்தும் வீசும் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். உப்பு அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. இம்மூன்றையும் இயற்கை இவ்வட்டாரத்திற்குத் தாராளமாகவே வழங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 11, 12 தேதிகளில் ஒரே நாளில் சீர்காழியில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெற்பயிரோடு வீடுகளையும் சூழ்ந்த அத்தகைய வெள்ளம் வாகனங்களையும் விட்டுவைப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை உருவாக்கப்பட்ட அம்பாசிடர் கார் ஒன்று, வேப்பமரத்தடியில் ஐந்தாறு மழைக்காலங்களைக் கண்டபின் பட்டறைக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். சக்கரத்து நட்டு அசையாது. பிரேக் டிரம் கழலாது. பின்பக்க வில்பட்டைகளைத் தாங்கும் போல்ட்டுகள் அவற்றின் துளைகளோடு ஒன்றிப்போயிருக்கும். புகைபோக்கிக் குழாயைப் பிணைக்கும் நட்டுகளில் எது நட்டு, எது துரு என்று கண்டுகொள்வதே அரிது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அந்த நட்டை இவ்வளவு இறுக்கமாக யாரும் முறுக்கவில்லை. அன்று பொருத்தியவர் அளவாகத்தான் முறுக்கினார். பின்னர் இறுக்கியது துரு. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் அது பருத்து வீங்குகிறது. இரண்டையும் ஒன்றாக நெரிக்கிறது. தின்னப்பட்ட இரும்போ சிறிது. அதனால் விளைந்த துருவோ பெரிது.

மனத்தாங்கலும் இவ்வாறே அல்லவா? வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டியதாலோ, திருமண வீட்டில் அழைப்பு முறை தவறியதாலோ, தாயின் இறுதிச் சடங்கில் சொல்லப்பட்ட ஒரு சொல்லாலோ தொடங்கிய காரியம் அது. காரணம் சிறிதாயிருந்த நாளில் அதைத் தொட்டிருந்தால் விரலாலேயே கழற்றியிருக்கலாம். இருபது ஆண்டுக்குப் பின்னர் அதைச் சுற்றி விளைந்தது காரணத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிட்டது. யாரும் முறுக்காமலே இறுகிவிட்டது. இதைச் செய்தது எது? நாம் ஆற்றிவிடும் என்று நம்பிய அதே காலம்தான்.

ஆகவே பட்டறை நமக்குத் தரும் முதல் பாடம் கசப்பானது. காலம் ஆற்றுவதில்லை. தனித்து விடப்பட்ட காலம் துருப்பிடிக்கவே செய்கிறது.

இருவகைக் காத்திருப்பு

அப்படியானால் பொறுமைக்கு இடமே இல்லையா? உண்டு. பழைய காரைப் பழுதுபார்க்கும் கைகாரரைப் போலப் பொறுமையாகக் காத்திருப்பவரைக் காண்பது அரிது. ஆனால் அவர் காத்திருக்கும் முறை வேறு.

முதலில் அவர் கம்பித் தூரிகையால் மரையைச் சுற்றியுள்ள அழுக்கையும் உதிரும் துருவையும் தேய்த்து எடுக்கிறார். பிறகு எண்ணெய் விடுகிறார். அக்காலத்தில் மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றையே பயன்படுத்தினர். இன்று கடைகளில் தெளிப்புப் புட்டிகளில் கிடைக்கிறது. அவற்றுள் பெயர்பெற்ற டபிள்யூ.டி.40 என்பது 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்டது. அப்பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் நீரை விலக்குவது என்னும் பொருளைக் குறிப்பவை. 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதைக் குறிப்பது. ஏவுகணையின் உலோகத் தோலை ஈரத்திலிருந்து காப்பதற்காகப் பிறந்த அது பின்னர் உலகெங்கும் பட்டறைகளுக்குள் நுழைந்தது. முப்பத்தொன்பது தோல்விகளுக்குப் பின்னும் முயன்ற அந்த மனிதர்களின் விடாமுயற்சியும் நம் கருத்துக்கு உரியதே.

எண்ணெய் விட்டபின் அவர் உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. சுத்தியலால் நட்டின் தலையில் மெல்லத் தட்டுகிறார். உடைப்பதற்கான அடி அல்ல அது. துருவில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி எண்ணெய்க்கு வழி திறப்பதற்கான தட்டல். பின்பு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறார். மாலையில் வந்து மறுபடியும் எண்ணெய் விடுகிறார். இரவு முழுவதும் ஊறவிடுகிறார். காலையில் மீண்டும் தட்டுகிறார். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. உள்ளேயோ எண்ணெய் மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

வேப்பமரத்தடியில் கழிந்ததும் காலம். பட்டறையில் எண்ணெய் ஊறிய அந்த இரவும் காலமே. முன்னது இறுக்கிற்று, பின்னது இளக்குகிறது. வேறுபாடு காலத்தின் நீளத்தில் இல்லை. அக்காலத்தினுள் யாருடைய கை வந்து போயிற்று என்பதில் இருக்கிறது.

நம் ஆண்டவரும் இவ்வுண்மையை உவமையாகக் கூறியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்லுகிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் வெறும் ஓராண்டைக் கேட்கவில்லை என்பதை நாம் பலமுறை கவனியாமல் விட்டுவிடுகிறோம். சுற்றிலும் கொத்தி எருவிடுவதற்காகவே அந்த ஓராண்டைக் கேட்கிறார். கொத்தும் கையும் எருவிடும் கையும் இல்லாத தவணையை அவர் கேட்கவுமில்லை. நற்செய்தி அதைப் பொறுமை என்று அழைக்கவுமில்லை.

திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1054ஆம் ஆண்டில் உரோமையின் தூதர்களும் கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவரும் ஒருவர்மீது ஒருவர் சபைவிலக்கு அறிவித்தனர். காலம் ஆற்றும் என்றால் நூறு ஆண்டில் ஆறியிருக்க வேண்டும். இருநூறில் ஆறியிருக்க வேண்டும். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் ஆறவில்லை. 1964ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் எருசலேமுக்குச் சென்று மறைமுதுவர் அத்தனாகோரசைச் சந்தித்துத் தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1965 டிசம்பர் 7ஆம் நாள், அந்தப் பழைய சபைவிலக்குகளை நினைவிலிருந்து அகற்றும் கூட்டறிக்கையை இருவரும் வெளியிட்டனர். பிரிவினை முழுவதும் தீர்ந்துவிடவில்லை என்பது மெய்தான். ஆயினும் மரை அசைந்தது. ஒன்பது நூற்றாண்டுக் காலம் செய்யாததை ஒரு சந்திப்பு தொடங்கிவைத்தது.

பலத்தின் தோல்வி

காத்திருக்கத் தெரியாதவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, இரண்டு பேராகத் தொங்கி முறுக்குவது அது. குழாய் நீள நீளப் பலம் பெருகும். ஆனால் அப்பலம் துருவை மட்டும் தாக்குவதில்லை. போல்ட்டின் உடலையும் முறுக்குகிறது. 'டக்' என்று ஒலி கேட்கும். கழன்றுவிட்டதென்று மகிழ்ந்து பார்த்தால் தலை மட்டும் கையில் இருக்கும். மிச்சம் உள்ளேயே நிற்கும். இனி அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும். அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். சில வேளைகளில் துளையின் மரையும் பாழாகிவிடும்.

அனுபவசாலிகள் எதிர்ப்புறமாகத் தொடங்குகிறார்கள். கழற்ற வேண்டிய நட்டை முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறிதளவு அசைக்கப் பார்க்கிறார்கள். அசைந்தால் பின்னர் கழற்றும் திசையில் கால் சுற்று, மறுபடி உள்ளே சற்று, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. இப்படி முன்னும் பின்னுமாகப் போய்வந்துதான் அது வெளியேறுகிறது. ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் உதிர்ந்த துரு மரைக்குள் அடைத்துக்கொண்டு மீண்டும் சிக்கும்.

நம் சமாதானப் பேச்சுகளில் குழாய் செருகும் வழக்கமே மிகுதி. திருவிழா வருகிறது, வீட்டில் திருமணம் வருகிறது என்பதற்காக இருவரையும் அழைத்து நிறுத்தி, "கையைக் கொடு, கட்டிப்பிடி, எல்லாம் முடிந்தது" என்கிறோம். கைகள் இணைகின்றன; புகைப்படமும் எடுக்கப்படுகிறது. உள்ளே போல்ட் முறிந்துபோனதை யாரும் அறிவதில்லை. அதன்பின் அம்மனிதர் சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே விலகிப்போகிறார். எதிர்ப்புறம் சற்றே அசைப்பது என்றால் என்ன? அவர் பக்கத்து நியாயத்தை முதலில் முழுவதும் கேட்பது. அவருடைய வலி உண்மையானது என்று ஒப்புக்கொள்வது. நாம் விரும்பும் திசைக்கு அவரை இழுப்பதற்கு முன் அவர் இருக்கும் திசைக்கு நாம் ஓரடி போவது.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வகுத்துத் தந்த வழியும் படிப்படியானதே. முதலில் தனியே போய்ப் பேச வேண்டும். பிறகு ஓரிருவரை அழைத்துப் போக வேண்டும். அதன் பின்னரே திருச்சபையிடம் சொல்ல வேண்டும். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊர் முழுவதும் சொல்லிவிட்டு, பிறகு ஓரிருவரிடம் முறையிட்டு, தனியே பேச வேண்டியதை மட்டும் என்றும் செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

நீதிமன்றத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். நம் சமயத்தவரும் தமிழின் முதல் நாவலை எழுதியவருமான வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் மட்டுமன்றிச் சீர்காழியிலும் முன்சீப்பாக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர். நேர்மையான தீர்ப்பு நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்யும். அது பெரிய நன்மை. ஆனால் தீர்ப்பு கிடைத்த மறுநாளும் அண்ணனும் தம்பியும் ஒரே வாய்க்காலில்தான் நீர் பாய்ச்ச வேண்டும். அவர்களுக்கிடையே எண்ணெய் விடும் வேலை தீர்ப்போடு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணெயும் இறங்காதபோது நெருப்பு வருகிறது. நட்டைச் சுற்றி வாயு விளக்கின் சுவாலையைக் காட்டும்போது அது விரிகிறது, பிடி தளர்கிறது. அந்தச் சூட்டில் மெழுகுதிரியை ஒற்றினால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. ஆனால் பெட்ரோல் தொட்டியின் அருகிலோ, பிரேக் குழாயின் பக்கத்திலோ, ரப்பர் உறுப்புகளின் மேலோ அறிவுள்ளவர் நெருப்பைக் காட்டுவதில்லை. கடிந்துரையும் அப்படிப்பட்டதே. சில உள்ளங்கள் அதனால்தான் இளகும். ஆனால் அருகில் என்ன இருக்கிறதென்று பாராமல், பிள்ளைகளின் முன்னிலையிலோ பங்கு மக்களின் நடுவிலோ காட்டப்படும் நெருப்பு நட்டைக் கழற்றாது, வண்டியை எரித்துவிடும்.

துருவுக்கு எண்ணெய் இல்லை

இதுவரை சொன்னதைக் கேட்டு ஒருவர் நம்மை மறுத்துக் கேட்கலாம்: "பொறுத்துக்கொள், மெல்ல மெல்ல மாறும் என்றுதான் ஒடுக்கப்பட்டவர்களிடம் காலங்காலமாகச் சொல்லிவந்தீர்கள். நீங்கள் சொல்லும் எண்ணெயும் அந்தப் பழைய உபதேசம்தானே?"

இக்கேள்வி நியாயமானது. நாம் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பட்டறையே இதற்கும் விடை தருகிறது. கைகாரர் எண்ணெய் விடுவது துருவைக் காப்பாற்ற அல்ல, இரும்பைக் காப்பாற்ற. போல்ட்டின் மீதும் நட்டின் மீதும் அவருக்குப் பொறுமை உண்டு. துருவின் மீது இல்லை. அதைக் கம்பித் தூரிகையால் இரக்கமின்றித் தேய்த்து எறிகிறார். போல்ட்டே முழுவதும் துருவாகிவிட்டால், அதை உளியால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் போடவும் தயங்குவதில்லை. ஒரு போல்ட்டுக்கு இரக்கப்பட்டு வண்டியின் சட்டத்தைப் பலிகொடுப்பவர் கைகாரர் அல்லர்.

மனிதர்களுக்குப் பொறுமை, அநீதிக்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்த இடங்களில் நம் தமிழகத் திருச்சபை வெட்கப்பட வேண்டியிருக்கிறது. நெல்லைச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் எழுந்த திருக்குடும்பக் கோயில், சாதி வேற்றுமைக்கு இடம்கொடுத்து, பலிபீடத்தில் மட்டும் இணையும் இரண்டு கூடங்களாகவே கட்டப்பட்டது. இரு சாராரையும் பிரித்த தடுப்புச்சுவர், காலம் மாற்றும் என்று விடப்பட்டிருந்தால், இன்றும் நின்றிருக்கும். 1910ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருக்கள் அதை இடித்தனர். எதிர்த்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவருக்கு உரிமை கேட்டவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. அச்சுவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பது புண்ணியமாகியிருக்காது. கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேர்ப்பாதைகளிலும் இன்னும் எங்கெங்கே அத்தகைய சுவர்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கின்றன என்பது நம் மனச்சான்றுக்கே தெரியும்.

எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 24ஆம் அதிகாரத்தில் துருப்பிடித்த கொப்பரை ஒன்றைக் காட்டுகிறார். அதை வெறுமையாக்கி நெருப்புத் தணலின்மேல் வைத்துச் சிவக்கக் காய்ச்சியும் அதன் துரு போகவில்லை. குற்றமற்றோரின் இரத்தத்தைச் சிந்திவிட்டு அதை மூடி மறைக்கவும் செய்யாத நகரத்தை அவர் அவ்வாறு உருவகப்படுத்தினார். அநீதியாகிய துரு அவ்வளவு பிடிவாதமானது.

ஆகவே, காயப்பட்டவரிடம் போய் "மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. காயப்படுத்தியதைச் சரிசெய்த பின்னரே அச்சொல்லுக்குத் தகுதி பிறக்கும். மன்னிப்பு என்பது நீதியை ரத்துச் செய்வதும் அன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சுடப்பட்டார். நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்து, தம்மைச் சுட்டவரை மன்னிப்பதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27ஆம் நாள் சிறைக்கே சென்று அவரோடு அமர்ந்து பேசினார். ஆயினும் அம்மனிதர் 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தார். துரு துருவாகவே எண்ணப்பட்டது. மனிதர் மனிதராகவே நடத்தப்பட்டார். இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கழன்ற பின்

நட்டு கழன்றதும் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணுபவர் கற்றுக்குட்டி. கைகாரர் மரையைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார், கிரீஸ் தடவுகிறார், பிறகே பொருத்துகிறார். அடுத்த முறை கழற்ற வருபவர் யாராயினும் அவர் துன்பப்படலாகாது என்ற கருணை அந்தக் கிரீஸில் இருக்கிறது. நம் வாய்க்கால் மதகுகளின் கதையும் இதுதான். கோடையில் அசையாமல் நின்ற மதகின் திருகுகம்பி, மேட்டூர்த் தண்ணீர் வரும்போது திறக்க மறுக்கும். அடிக்கடி ஏற்றி இறக்கப்படும் மதகோ சிக்குவதில்லை. பயன்படுத்தப்படாத பாசமும் அப்படியே. ஒப்புரவு ஆனபின் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாவிட்டால், நல்லது கெட்டதற்கு நிற்காவிட்டால், ஆண்டுக்கொரு முறை தவக்காலத்தில் மட்டும் நினைவுகூர்ந்தால், அதே மரையில் அதே துரு திரும்பவும் வரும்.

நம் திருச்சபை எண்ணெயை அறிந்த திருச்சபை. திருமுழுக்கிலும் உறுதிப்பூசுதலிலும் குருத்துவத்திலும் நோயில் பூசுதலிலும் நம்மைத் தொடுவது எண்ணெய்தான். இறுகியதை இளக்கவும் காயத்தை ஆற்றவும் மனித குலம் தொன்றுதொட்டு நம்பிய பொருளையே இறைவன் தம் அருளின் அடையாளமாக்கினார். அந்த எண்ணெயைப் பெற்றுக்கொண்ட நாம், பிறருக்கு எண்ணெயாக இருக்கக் கடன்பட்டவர்கள்.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவர், தம்மேல் தம் சகோதரருக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் பணித்தார். சகோதரர் வரும்வரை காத்திரு என்று அவர் சொல்லவில்லை. காலம் கனியட்டும் என்றும் சொல்லவில்லை. போகச் சொன்னார். போகும் அந்தக் கால்களே காலத்தை மருந்தாக்குகின்றன. அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனி புறப்படும்போது, நம் பெயரைக் கேட்டதும் முகம் இறுகும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்குப் போகும் வழி நமக்குத் தெரியும்.